புறாக்கூடு மாற்றிய கதை: டவ்கொட் 2.4 எப்படி?

டவ்கொட் என்ற மெயில் மென்பொருளின் 2.4ஆம் பதிப்புக்குப் போகலாமா என்று இரண்டு மாதத்தில் மூன்று பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். மூவருமே என்னைப் போல சின்ன அளவில் மெயில் சேர்வர் வைத்துப் பிழைப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் பாதிக் கதையைச் சொல்லி மீதியை மறந்துபோனேன். அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முதலே சொல்கிறேன். சாமான் நல்லது. போய்ச் சேர்ந்த பிறகு பழையதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட் என்று நினைத்து இறங்கினால் விடிய விடிய முழித்திருக்க வேண்டிவரும். வீடு மாறுகிற வேலை இது. பெட்டி கட்ட ஒரு கிழமை, ஏற்றி இறக்க ஒரு நாள், அந்தக் கரண்டி எங்கே என்று தேட ஒரு மாதம்.

என்னுடைய நிலவரம் தெரிந்தால்தான் நான் சொல்வதை உங்கள் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பதினான்கு டொமைன், முந்நூறுக்குக் கொஞ்சம் மேல் மெயில் பெட்டிகள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆறு ஹோட்டல், கிண்ணியாவில் ஒரு மீன் ஏற்றுமதிக்காரர், ஓர்ஸ் ஹில்லில் ஒரு கணக்காளர், டவுனில் ஒரு பார்மசி, மிச்சம் சில்லறைக் கடைகள். தொடங்கியது 2005இல். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் திருகோணமலையில் வந்து இறங்கிய காலம் அது. எங்களுக்கு அப்போது நெட் கபே. வெளிநாட்டு அலுவலகத்துக்கு நாலு படம் அனுப்ப ஒரு மணித்தியாலம் போகும். கடையின் பின்னறையில் ஒரு பழைய பென்டியத்தில் கூரியர் என்ற மென்பொருளைப் போட்டு, மெயிலைப் பகலில் அங்கேயே சேர்த்து வைத்து, ராத்திரி லைன் ஓடுகிற நேரம் வெளியே தள்ளுவோம். தொண்டு நிறுவனங்கள் மூட்டை கட்டிப் போய்விட்டன, மெயில் சேர்வர் என் தலையில் தங்கிவிட்டது. 2009இல் கூரியரை விட்டு டவ்கொட்டுக்கு மாறினேன். இந்த 2009ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வந்து காலை வாரும். இப்போது சேர்வர் கொழும்பில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் மாதிரி இடங்களில் மெயிலைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது போஸ்ட்ஃபிக்ஸ். வந்த மெயிலைப் பெட்டியில் வைத்து, போனிலும் கொம்பியூட்டரிலும் திறந்து காட்டுவது டவ்கொட். பின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் 2002இல் முதலில் வெளியிட்டது. பெயருக்கு அர்த்தம் புறாக்கூடு. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவை வைத்துக்கொண்டு இருக்கிற ஊரில் இதைவிடப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காது.

சரி, ஏன் மாறினேன்? பழைய சேர்வரில் இருந்தது டெபியன் 10 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூனோடு முடிந்துவிட்டன. நான் பார்க்காதது போல ஒரு வருடம் இருந்தேன். ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுவான் என்ற எண்ணம்தான். ஒருநாள் கணக்காளர் ஐயா தேத்தண்ணி தந்துகொண்டே, "தம்பி, எங்கட சேர்வருக்கு அப்டேட் எல்லாம் ஒழுங்கா வருதோ?" என்று கேட்டார். ஓமென்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அன்றிரவு நித்திரை வரவில்லை. 2025 ஓகஸ்டில் டெபியன் 13 வந்தது. அதில் டவ்கொட் 2.4, போஸ்ட்ஃபிக்ஸ் 3.10. டவ்கொட் 2.3 வந்தது 2017 டிசெம்பரில், 2.4 வந்தது 2025 ஜனவரியில். இடையில் ஏழு வருடம். அந்த ஏழு வருட மாற்றத்தையும் ஒரே மூச்சில் உங்கள் மடியில் கொட்டுகிறார்கள்.

நாள் குறிப்பதே ஒரு வேலை. எங்கள் ஊரில் ஹோட்டல்காரருக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன், அந்த நேரம் மெயிலில் கை வைத்தால் கழுத்தில் கை வைப்பார்கள். நவம்பரில் மழை பிடித்துவிட்டால் கரண்டும் லைனும் கண்ணாமூச்சி காட்டும். நடுவில் ஒக்டோபர் தொடக்கம் ஒரு சின்ன இடைவெளி. சரஸ்வதி பூசை முடிந்த கையோடு சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்று மூன்று நாள் சேர்ந்து கிடைத்தது. லப்டொப்புக்கு வைத்த சந்தனம் காய்வதற்குள் தொடங்கிவிட்டேன்.

டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. பத்தில் இருந்து பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். மூன்று ஏற்றம், ஒவ்வொன்றிலும் சறுக்க இடம். அதனால் புதிய சேர்வர் ஒன்றைப் பக்கத்தில் எடுத்து வெறுமையில் இருந்து கட்டினேன். இரண்டு வாடகை கொஞ்சக் காலம் போகும், போகட்டும். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியதில் எவ்வளவு பிழை விட்டாலும் ஒருவருக்கும் தெரியாது.

இனி டவ்கொட்டின் அமைப்புக் கோப்பு. இந்த மாற்றத்தின் வயிற்றெரிச்சல் முழுக்க இதில்தான் இருக்கிறது. 2.3க்கு எழுதிய கோப்பு 2.4இல் ஓடாது. கொஞ்சம் தட்டிக்கொட்டினால் ஓடும் என்ற கதையே இல்லை. இது எந்தப் பதிப்புக்கு எழுதிய கோப்பு என்று முதல் வரியில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எழும்பவே மறுக்கிறது. மெயில் எங்கே இருக்கிறது என்பதை முன்பு ஒரே வரியில் சொல்வோம். இப்போது எந்த வகை என்பதற்கு ஒரு வரி, எந்தப் பாதை என்பதற்கு ஒரு வரி. டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டிப் பேசும் முறை) சான்றிதழ் வரிகளுக்குப் பெயரே மாறிவிட்டது. பயனாளர் பட்டியலை டேட்டாபேசில் இருந்து எடுக்க முன்பு தனிக் கோப்பு, இப்போது அதையும் பிரதான கோப்புக்குள் கொண்டுவர வேண்டும். சதவீதக் குறியும் ஓர் எழுத்துமாகப் பயனாளர் பெயர், டொமைன் என்று சுருக்கி எழுதிய இடங்களில் எல்லாம் இனி முழுப் பெயரை அடைப்புக்குள் எழுத வேண்டும்.

வேண்டுமென்றே என் பழைய கோப்பை அப்படியே கொடுத்துப் பார்த்தேன். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் கோளாறு என்று தெளிவாகச் சொன்னது. திருத்தினேன். அடுத்த கோளாறு. திருத்தினேன். அடுத்தது. பதினேழாவதில் கையை விட்டுவிட்டு வெற்றுக் கோப்பைத் திறந்தேன். அதுதான் சரி. என் பழைய அமைப்பு இருபது துண்டுக் கோப்புகளில் முந்நூற்றுச் சொச்சம் வரி. புதியது ஒரே கோப்பு, தொண்ணூற்றாறு வரி. மிச்சம் எல்லாம் என்ன என்று கேட்டால், பாதி எனக்கே தெரியாது. ஓரிடத்தில் "இதைத் தொடாதே" என்று நானே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஏன் தொடக்கூடாது என்று எழுதவில்லை. தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னோர் இடத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லாத ஒரு வரியை விட்டுவிட்டேன். அங்கேதான் நடந்தது.

அதற்கு முன் போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒரு கும்பிடு. வியட்ஸ வெனெமா 1998இல் வெளியிட்ட மென்பொருள். அதன் கோப்பைப் பழைய சேர்வரில் இருந்து தூக்கிப் புதியதில் வைத்தேன், இரண்டு எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடத் தொடங்கியது. எந்தக் காலத்துப் பழக்கத்தில் நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிற வசதி பதிப்பு 3.0இல் இருந்தே இருக்கிறது, பழைய ஆட்களைப் பயமுறுத்தாமல் மெல்ல மெல்லப் புதுப் பழக்கத்துக்குக் கூட்டிப் போகிறது. 2023 டிசெம்பரில் வெளியான மெயில் கடத்தல் ஓட்டைக்கும் (ஒரு மெயிலுக்குள் இன்னொரு போலி மெயிலை ஒளித்து அனுப்பும் வழி) இந்தப் பதிப்பில் கேட்காமலே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரே அடுக்களையில் இரண்டு சமையல்காரர்: ஒருவர் பழைய பாத்திரத்தை மினுக்கி வைத்திருக்கிறார், மற்றவர் அடுப்பையே இடித்துவிட்டுக் கட்டியிருக்கிறார்.

இன்னொரு சின்ன விசயம், இதில் அரை மணித்தியாலம் போய்விட்டது. மெயில் லொக் கோப்பைப் பார்க்கலாம் என்று வழக்கமான இடத்துக்குப் போனால் அப்படி ஒரு கோப்பே இல்லை. டெபியன் 12இல் இருந்து பழைய லொக் எழுதும் மென்பொருளைத் தானாகப் போடுவதில்லை, எல்லாம் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜேர்னல் என்ற பதிவேட்டுக்குள் போகிறது. பாஸ்வேர்ட் ஊகித்து அடிப்பவர்களைத் தடுக்க நான் வைத்திருந்த ஏற்பாடும் அந்தக் கோப்பை நம்பித்தான் இருந்தது. பழைய லொக் மென்பொருளைக் கையால் போட்டு முடித்தேன். புதுமை விரும்பிகள் ஜேர்னலையே படிக்கச் சொல்லிக் கொடுக்கலாம், எனக்கு வயது போய்விட்டது.

மெயிலை ஏற்றி இறக்குவது எதிர்பார்த்ததைவிட இலகு. மெயில்டிர் வடிவம், ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. வெள்ளி இரவு முதல் தடவை நகலெடுத்தேன், சனி இரவு மாறியதை மட்டும் இரண்டாம் தடவை. டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியலில், பழைய முகவரியை மற்றவர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கும் ஆயுள் நேரத்தை இரண்டு நாளுக்கு முன்பே 300 செக்கனுக்கு இறக்கி வைத்திருந்தேன். ஞாயிறு அதிகாலை மூன்றரைக்குப் பெயர்களைப் புதிய சேர்வருக்குத் திருப்பினேன். ஐந்து மணிக்கு மெயில் வந்துகொண்டிருந்தது. கோணேசர் கோயில் மணி கேட்கிறதா என்று கற்பனை செய்துகொண்டே படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் ரிசெப்ஷனில் இருந்து போன். "அண்ணா, 2019ஆம் ஆண்டு புக்கிங் எல்லாம் திரும்ப வருது. நிக்குதில்ல."

நிற்கவில்லைதான். ஆறாயிரத்துக்கு மேல். அந்தக் கொம்பியூட்டர் போப்3 முறையில் மெயிலை இறக்கி, சேர்வரிலும் ஒரு பிரதியை விட்டு வைக்கிற பழக்கம். ஒவ்வொரு மெயிலுக்கும் சேர்வர் ஓர் அடையாளச் சீட்டுக் கொடுக்கும். அந்தச் சீட்டை ஏற்கெனவே பார்த்திருந்தால் கொம்பியூட்டர் அதைத் தொடாது, புதிய சீட்டு என்றால் இறக்கும். 2009இல் கூரியரில் இருந்து வரும்போது, ஆட்களுக்கு இந்தத் தொல்லை வரக்கூடாது என்று கூரியர் எழுதுகிற அதே வடிவத்தில் சீட்டு எழுதும்படி டவ்கொட்டுக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன். பதினாறு வருடமாக அந்த ஒற்றை வரி சத்தம் போடாமல் வேலை செய்தது. புதிய கோப்பில் அதை எழுத மறந்தேன். டவ்கொட் தன் வழக்கமான வடிவத்தில் சீட்டு எழுதியது. ஹோட்டல் கொம்பியூட்டருக்கு எல்லாமே புதிய மெயில்.

இதில் மென்பொருளின் பிழை ஒன்றுமில்லை. முழுக்க என்னுடையது. அந்த வரியை 2.4இன் புதிய எழுத்து முறையில் சேர்த்தேன். ஆனால் அதற்குள் இரண்டு ஹோட்டல் முழுவதையும் இறக்கி முடித்திருந்தன, அவர்களுக்குச் சீட்டைப் பழையபடி மாற்றினால் இன்னொரு தடவை இறங்கும். அந்த இரண்டு டொமைனின் பெட்டிகளுக்கு மட்டும் புதிய வடிவத்தையே விட்டு, மற்றவர்களுக்குப் பழையதைக் கொடுத்தேன். ரிசெப்ஷன் பிள்ளை மூன்று நாள் இருந்து இரட்டை மெயில்களை அழித்தாள். நான் ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போனேன். போப்3 பாவிக்கும் ஆட்கள் உங்களிடம் ஒருவராவது இருந்தால், பழைய கோப்பில் இந்தச் சீட்டு வடிவ வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வேறு எதையும் மறந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் கிண்ணியா. "என்ன தம்பி, மெயில் ஒண்டும் வருதில்ல. டுபாய்க்காரன் பேப்பர் அனுப்பினெண்டு சொல்றான்" என்று அந்த மீன் ஏற்றுமதிக்கார நானா போன் எடுத்தார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இருக்கிற அவருடைய ஒஃபிஸில் விண்டோஸ் 7, அவுட்லுக் 2010. புதிய சேர்வர் டிஎல்எஸ் 1.2க்குக் கீழே பேசாது. 1.0, 1.1 இரண்டையும் 2021இலேயே கைவிடச் சொல்லி முறைப்படி அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 7இல் அவுட்லுக்கை 1.2 பேச வைக்க மைக்ரோசொஃப்டின் ஒரு திருத்தமும் ரெஜிஸ்ட்ரியில் கைவேலையும் வேண்டும். சேர்வரில் கதவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ஐந்து நிமிடத்தில் நானாவின் பிரச்சினை முடியும், கை அதற்குப் போகவும் செய்தது. ஆனால் ஒருவருக்காகத் திறக்கிற கதவு முந்நூறு பேருக்கும் திறந்திருக்கும். பஸ் ஏறிப் போய் தண்டர்பேர்ட் 115ஐப் போட்டுக் கொடுத்தேன், விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசித் தண்டர்பேர்ட் அதுதான். "முந்தி இருந்த மஞ்சள் கலர் எங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரும்போது இரண்டு கிலோ பாரை மீன் கட்டிக் கொடுத்தார்.

கணக்காளர் ஐயாவின் ஸ்கேன் மெஷின் இதைவிடக் கிழடு, அதற்கு டிஎல்எஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அவருடைய ஒஃபிஸ் அலுமாரிக்கு மேல் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கொம்பியூட்டர் ஒன்றை வைத்து, மெஷின் அதனிடம் கொடுக்க, அது ஒழுங்கான முறையில் சேர்வருக்குக் கொடுக்க என்று ஏற்பாடு. முடிந்தது.

மாறுகிறவர்கள் மெயில் பெட்டியைப் பற்றியே யோசிப்பார்கள். வெளியே போகிற மெயிலுக்கும் புதிய ஐபி முகவரி ஒரு புது ஆள் மாதிரி, யாரும் நம்பமாட்டார்கள். 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் பிடியை இறுக்கிவிட்டன. மெயில் உண்மையில் எங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஐபியில் இருந்து பெயருக்குப் போகிற தலைகீழ்ப் பதிவை மறந்துவிடுகிறார்கள். அதை நீங்களே எழுத முடியாத இடங்கள் இருக்கின்றன, சேர்வர் வாடகைக்குத் தருபவர்தான் எழுத வேண்டும். என்னுடைய ஆட்களுக்கு டிக்கெட் போட்டு, நினைவூட்டி, கடைசியில் போனில் கொஞ்சம் குரலை உயர்த்தி, நாலு நாள் போனது. நல்லவேளை, அதை மாறுவதற்கு முந்தின கிழமையே தொடங்கியிருந்தேன்.

இவ்வளவு பாட்டுக்கும் கிடைத்தது என்ன? தேடல். 2.4இல் ஃப்ளாட்கர்வ் என்ற தேடல் அட்டவணை உள்ளேயே வருகிறது, தனியாக சோலர் என்ற தேடல் சேர்வர் ஒன்றைக் கட்டி மேய்க்கத் தேவையில்லை. கணக்காளர் ஐயாவிடம் ஒன்பது வருடத்து மெயில் ஒரே பெட்டியில். முன்பு ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தட்டிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவார். இப்போது கதிரையில் இருந்து எழும்புவதற்குள் வந்துவிடுகிறது. அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லாததே அவருடைய பாராட்டு. மற்றது, அந்தத் தொண்ணூற்றாறு வரி. ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அப்படிச் சொல்ல முடிகிறது.

யார் போகக்கூடாது? இரண்டு டவ்கொட் சேர்வரை ஒன்றுக்கொன்று நகலாக வைத்து ஓட்டுகிறவர்கள். அந்த இரட்டை ஏற்பாட்டை 2.4இல் எடுத்துவிட்டார்கள். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று அதை நம்பி இருக்கிறவர்கள், வேறு வழி கண்டுபிடிக்காமல் கால் வைக்க வேண்டாம். பெரிய இன்டர்நெட் கம்பனிகளுக்கு டவ்கொட் ப்ரோ என்று காசுக்கு விற்கிற பதிப்பு இருக்கிறது, நாங்கள் அந்தப் பக்கம் போகிற ஆட்கள் இல்லை. எனக்குப் போன் எடுத்த மூவரில் வவுனியாத் தம்பி இந்த இரட்டை ஏற்பாட்டுக்காரர். டெபியன் 12க்குப் போகச் சொல்லிவிட்டேன். அதில் டவ்கொட் 2.3.19, நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அவசரம் இல்லை, ஆறுதலாக யோசிக்கலாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றைக் கழிப்பது பழைய கோப்பைப் புதியதாக மாற்றித் தர ஒரு கருவியைக் கூடவே வைக்காததற்கு. வைத்திருந்தால் நான் என் பழைய குப்பையை அப்படியே கொண்டுவந்திருப்பேன் என்பதும் உண்மைதான். இருந்தாலும் கழிக்கிறேன்.

பழைய சேர்வரை ஒரு மாதத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். நிறுத்த முதல்நாள் லொக்கைப் பார்த்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ அதில் வந்து மெயில் கேட்கிறார்கள். பெயர் எல்லாம் புதிய இடத்துக்குத் திரும்பி ஒரு மாதம், யார் இன்னும் பழைய வாசலில்? தேடிப் பார்த்தால் நிலாவெளியில் ஒரு ஹோட்டல், பார் மேசைக்குக் கீழே இருக்கிற கொம்பியூட்டர். அதில் சேர்வர் பெயருக்குப் பதிலாக ஐபி இலக்கத்தை நேராக எழுதி வைத்திருக்கிறது. எழுதியது நான்தான், பல வருடத்துக்கு முன் டிஎன்எஸ் மக்கர் பண்ணிய ஒரு நாளில், அவசரத்துக்கு. சீசன் முடிந்து பாரைப் பூட்டிவிட்டார்கள், கொம்பியூட்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள், திறப்பு முதலாளியிடம், முதலாளி கனடாவில். ஏப்ரலில்தான் வருவாராம். அதுவரைக்கும் பழைய சேர்வருக்கும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.